ஆட்களை வெளியே துரத்திய நூலகர்

எல்லா ஊரிலும் நூலகர் என்றால் ஆட்களை உள்ளே வரவழைக்கத்தான் சம்பளம் வாங்குவார். காஞ்சிபுரத்தில் எங்கள் கிளை நூலகத்தில் இருந்தவர், உள்ளே உட்கார்ந்திருந்தவர்களை வெளியே துரத்தினார். உலகத்திலேயே இப்படி ஒருவர்தான் இருந்திருப்பார். சந்தேகப்படுகிறவர்கள் போய்த் தேடிப் பார்த்துக்கொள்ளட்டும்.

அவர் நிஜப் பெயர் எங்களில் யாருக்கும் வாயில் வராது. 'வெளிய சார்' என்றுதான் சொல்வோம். நானும் ஸ்டெல்லாவும் அரசு வேலைத் தேர்வுக்குப் படிக்கிறவர்கள். மின்விசிறிக்கு நேர் கீழே இடம் பிடித்து, கைடைப் பிரித்து வைத்துக்கொண்டு தூங்குவோம். அவர் வந்து விசிறியை நிறுத்துவார்.

"இன்னா சார் இது? வேர்க்குது!" என்பாள் ஸ்டெல்லா.

"வேர்க்குது இல்ல? அப்ப வெளிய போம்மா. வேப்ப மரம் சும்மாதான நிக்குது."

"படிக்கணும் சார்."

"நீ படிக்கிறத பக்கத்து டேபிள் வரைக்கும் கேட்டுச்சு. குறட்ட."

காலத்துக்கு ஒரு புத்தகம், புத்தகத்துக்கு ஒரு இடம். அதுதான் அவர் கொள்கை. சித்திரை வெயிலில் மழைக் கதைகளைத்தான் மேல் தட்டில் அடுக்குவார். பேய்க் கதை கேட்டால், "அது மார்கழிக்கு. பனியில படிச்சாதான் பயம் வரும்" என்று பீரோவைப் பூட்டுவார். ஆடி மாதம் காற்றில் போய்ப் படிக்கச் சொல்லி, புத்தகத்தோடு ஆளுக்கு ரெண்டு துணி கிளிப்பும் கொடுப்பார். பக்கம் பறக்காமல் இருக்கவாம். புத்தகம் திரும்பி வந்தது. கிளிப் ஒன்றுகூட வரவில்லை. எங்கள் தெரு மொட்டை மாடிகளில் ஒரே நிறத்துக் கிளிப்பாகத் தொங்கியதை அவர் பார்த்தார். கேட்கவில்லை.

மழைக்காலத்தில் நெசவுக்காரர்கள் வீட்டுக்குப் போவார். ஐப்பசி மழைக்குத் தறிக்குழியில் தண்ணீர் ஊறிவிடும், தறி ஓடாது. ஆண்கள் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, சாம்பாரில் உப்பு இல்லை என்று கத்துவார்கள். அந்த நேரம் பார்த்துப் பையைப் பிளாஸ்டிக்கில் சுற்றிக்கொண்டு வந்து நிற்பார். எங்கள் அப்பா அவரை வாசலிலேயே நிறுத்தினார். "கொழில தண்ணி நிக்குது, இவுரு கதை எடுத்துக்கினு வந்துட்டாரு." அவர் கோபப்படவில்லை. குழியை எட்டிப் பார்த்து, "தவளை வந்துட்டுதா?" என்று கேட்டார். அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த மழையில் எங்கள் வீட்டில் அப்பா சிரித்தது அன்றைக்குத்தான்.

ஆனால் இதெல்லாம் சில்லறை. அவர் உயிரே சித்திரையில்தான் இருந்தது. கோடை விடுமுறையில் ஞாயிற்றுக்கிழமைதோறும் முதல் பஸ்ஸில் எங்களைத் தாமல் ஏரிக்கரைக்கு அழைத்துப் போவார். வெயில் ஏறும்வரை ஒருவர் படிக்க மற்றவர்கள் கேட்க வேண்டும். நடுவில் கரையில் நடக்க வேண்டும், பறவை பார்க்க வேண்டும். வருஷம் முழுக்க அதைப் பற்றியேதான் பேசுவார். அது நின்றுபோனால் இந்த மனுஷன் என்ன ஆவார் என்று எனக்கு அப்போதே பயமாக இருக்கும்.

நிறுத்த ஒரு வழியை அவரே உண்டாக்கினார்.

மாசி மாதம் புதிதாக ஒன்று ஆரம்பித்தார். விடியற்காலையில் தெருவில் நடந்துகொண்டே படிப்பது. 'அந்த நேரத்தில் வண்டி வராது' என்றார். வண்டி வராத நேரம் என்று அவர் கண்டுபிடித்த அதே நேரத்தைத்தான் நெசவுக்காரர்கள் காலங்காலமாகக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். பாவு என்கிற நீளவாட்டு நூலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தெருவில் இழுத்துக் கட்டி, அறுந்த இழைகளைப் பிணைத்துச் சரி பார்ப்பது அப்போதுதான். எங்கள் தெரு நெசவுக்காரர் லோகு அண்ணன் அன்றைக்குத் தன் பாவைக் கட்டியிருந்தார். அரக்கு நிறம், முகூர்த்தச் சேலைகளுக்கு.

சார் முன்னால் நடந்தார். புத்தகம் முகத்துக்கு நேராக. நாங்கள் பின்னால். "சார், பாவு! சார்!" என்று நான் கத்தினேன். "கமா வருதுமா, இரு" என்றார். பாவைத் தாங்கிய குச்சியைக் காலால் தட்டினார், குனிந்து நிமிர்ந்தார், பாவுக்கு நடுவிலிருந்து எழுந்தார். தலையிலும் கண்ணாடியிலும் அரக்குப் பட்டு. திருவிழாவில் அலங்காரம் பண்ணிய சாமி மாதிரி நின்றார்.

"யோவ்! அசையாத!" லோகு அண்ணன் ஓடி வந்தார். "அசைஞ்ச, அவ்ளோதான். கண்ணு தெரியல?"

"படிச்சுக்கினு இருந்தேன்பா."

"படிக்கிறதுக்கு உனுக்கு கட்டடம் கட்டிக் குடுத்துக்கிறாங்க இல்ல? அங்க கெட!"

அந்த ஊரில் யாரும் அவரிடம் அதுவரை சொல்லாத வார்த்தை அது. அவர் முகம் சுருங்கிப் போனது.

அவரைப் பிரித்தெடுக்கவே வெகு நேரமானது. பிறகு அறுந்த இழைகளைப் பிணைக்க வேண்டும். லோகு அண்ணனும் அவர் மனைவியும் நானும் உட்கார்ந்தோம். நெசவு வீட்டில் பிறந்தவளுக்கு அது கை வேலை. சாருக்குப் பிணைக்கத் தெரியாது. போகவும் மாட்டேன் என்கிறார். வெயில் ஏறியதும் குடையை எடுத்து லோகு அண்ணன் தலைக்கு மேல் பிடித்தார். கொஞ்ச நேரம் சும்மா நின்றார். சும்மா நிற்கத் தெரியாத ஆள். மற்ற கையால் புத்தகத்தை விரித்துப் படிக்க ஆரம்பித்தார்.

"நிறுத்துய்யா" என்றார் லோகு அண்ணன்.

நிறுத்தவில்லை. கிணறு தூர் வார இறங்கியவன் கதை. உள்ளே இறங்கினவனுக்கும் மேலே கயிறு பிடித்திருந்தவனுக்கும் பழைய பகை. கயிற்றுக்காரன் ஒருமுறை கயிற்றைத் தளர்த்தினான். லோகு அண்ணனின் கை நின்றது. கடைசி இழை பிணைத்து முடிந்தபோது சார் புத்தகத்தை மூடினார்.

"மீதி?" என்றார் லோகு அண்ணன்.

"மீதி சித்திரையில. ஏரிக்கரையில."

"யோவ், அவன் மேல வந்தானா இல்லியா? அத்த மட்டும் சொல்லிட்டுப் போ."

"வாப்பா ஏரிக்கு."

இதற்குள் லோகு அண்ணனின் மச்சான் எல்லாவற்றையும் போனில் படம் பிடித்து மேலிடத்துக்கு அனுப்பிவிட்டார். அவருக்கு வேறு வேலை இல்லை. உத்தரவு வந்தது: நூலகர் இனி வாசகர்களை எங்கேயும் அழைத்துப் போகக் கூடாது, நிகழ்ச்சி எல்லாம் கட்டடத்துக்குள்தான். வரப்போவதுதான் அவர் ஓய்வு பெறுவதற்கு முந்தைய கடைசிக் கோடை. அவருக்கு இனி சித்திரையே கிடையாது என்று அர்த்தம். நான் கத்தினேன். "மேலிடத்துக்கு எழுதிப் போடுங்க சார்! சும்மா இருக்கீங்களே!"

அவர் என் உறுப்பினர் அட்டையைக் கேட்டார். ஒரு புத்தகத்தைப் பதிந்து கொடுத்தார்.

"உன் கார்டுல நீ எடுத்துக்கினு போற புக்கு. எங்க படிச்சா அவங்களுக்கு இன்னா? ஞாயித்துக்கெழம காலைல நான் ஏரிக்குக் காத்து வாங்கப் போவேன். யாரையும் கூட்டிக்கினு போவல. முதல் பஸ்ல தற்செயலா நீங்களும் வந்தா, அதுக்கு நான் இன்னா பண்றது?"

தற்செயலாக முதல் பஸ் நிரம்பியது. பின் சீட்டில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு லோகு அண்ணன். கரைக்குப் போனதும் கிணற்றுக்காரன் மேலே வந்துவிட்டான் என்று தெரிந்துகொண்டார். அப்புறமும் எழுந்து போகவில்லை. ஒரு மீன்கொத்தியைக் காட்டி, "என்ன பறவை, சொல்லு பாப்போம்" என்று சார் கேட்டார்.

"மயில் கழுத்து உடம்பு, காப்பி கலர் பார்டர். ஜரிகதான் வெக்கல" என்றார் லோகு அண்ணன்.

சார் சிரித்துச் சிரித்துக் கரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஓய்வு பெற்றதும் மகன் அவரைச் சென்னைக்கு அழைத்துப் போய்விட்டான். உயரமான கட்டடம். முழங்கால் தேய்ந்துவிட்டதாம், லிப்ட் அடிக்கடி நின்றுவிடுகிறதாம், தனியாக இறங்க விடுவதில்லை. அவரை இப்படி அடைத்து வைத்தவர்கள் மேல் எனக்கு ஆத்திரம்தான். அவர்கள் நல்லவர்கள், அது வேறு விஷயம். நான் தேர்வில் தேறவில்லை, பட்டுக் கடையில் பில் போடுகிறேன். சாரால்தான் கெட்டேன் என்று சொல்கிறவர்களோடு நான் பேசுவதில்லை. ஸ்டெல்லா வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டாள். நூலகத்தில் இப்போது ஏசி இருக்கிறது, நிசப்தம் இருக்கிறது. எனக்கு ரெண்டும் பிடிக்கவில்லை.

இந்த வருஷம் சித்திரையில் ஏரிக்கரை வாசிப்பு நின்றே போயிருக்கும். நானே விட்டுவிட்டேன். முதல் ஞாயிறு விடியற்காலை போன் அடித்தது.

"இன்னாமா, இன்னும் தூங்கிக்கினு கீற? பஸ்ஸு போயிடும்." லோகு அண்ணன்.

ஏழெட்டுப் பேர் வந்தோம். ஏரியில் தண்ணீர் நிறைய இருந்தது. லோகு அண்ணன் தொண்டையைக் கனைத்து, ஒவ்வொரு எழுத்தாக மிதித்து மிதித்துப் படித்தார். ஒரு பக்கம் முடிவதற்குள் ஒரு சேலை நெய்திருக்கலாம். யாரும் எழுந்து போகவில்லை. நான் கொஞ்சம் தள்ளிப் போய் சாருக்குப் போன் போட்டேன்.

"சார், ஏரிக்கரையில இருக்கோம்."



"காத்து இருக்குதாமா?"

போனை ஏரிப் பக்கம் திருப்பித் தூக்கிப் பிடித்தேன். அவருக்குக் காற்று கேட்டதா, லோகு அண்ணன் குரல் கேட்டதா, தெரியாது. அவர் போனை வைக்கவில்லை. என் கை கடுத்தது. மற்ற கைக்கு மாற்றிக்கொண்டேன்.