ஆடி மாசத்து டாப் மாடல்

இனிமேல் இந்த வீட்டில் தான் வைத்ததுதான் சட்டம் என்று அழகுமலை முடிவெடுத்தபோது அவன் வாயில் பாதி இட்லி இருந்தது. மீதிப் பாதியைத் தட்டோடு விட்டெறிந்துவிட்டு எழுந்தான். தட்டு எவர்சில்வர். அவன் கோபத்தில் எறிகிற சாமான் எதுவும் இதுவரை உடைந்ததில்லை. உடைகிற சாமான் பக்கம் அவன் கோபம் போகாது.

கோபத்துக்குக் காரணம் வாசலில் நின்று ஆரன் அடித்துக்கொண்டிருந்தது. தங்கச்சி புருஷன் பால்பாண்டி புதிதாக ஒரு பழைய பிக்கப்பு வாங்கியிருந்தான். வாங்கினவன் கோயிலுக்குப் போகவில்லை, பெட்ரோல் பங்குக்குப் போகவில்லை. நேரே மச்சான் வீட்டு வாசலுக்கு ஓட்டி வந்துவிட்டான்.

"மச்சான், மேல தோட்டத்துல இருந்து மூட்டை இறக்கணும்னா ஒரு வார்த்தை சொல்லுங்க. வெளி ஜீப்புக்குக் குடுக்குறதுல பாதி குடுத்தாப் போதும். நமக்குள்ள என்ன."

பாதி வாடகையைக் கூடப் பொறுத்துக்கொண்டிருப்பான். அந்த 'நமக்குள்ள என்ன'தான் நெஞ்சில் ஏறிவிட்டது. மலைமேலே பூப்பாறைப் பக்கம் மூன்று ஏக்கர் ஏலத்தோட்டம் வைத்திருக்கிறவன் அழகுமலை. பால்பாண்டிக்கு இருப்பது சிலமலையில் ஒரு தென்னந்தோப்பு. தேங்காய்க்காரன் வந்து ஏலக்காய்க்காரனுக்குச் சலுகை காட்டுவதா?

உள்ளே வந்து அடுப்படியைப் பார்த்துச் சொன்னான்.

"கலா, நானும் பிக்கப்பு வாங்கப்போறேன்."

சூர்யகலா சட்டினியைத் தாளித்துக்கொண்டிருந்தாள். திரும்பக்கூட இல்லை.

"வேண்டாம்."

அழகுமலைக்கு அந்த ஒரு சொல் போதும். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் வேண்டாம் என்றதை அவன் செய்யாமல் விட்டதில்லை. வேணும் என்றதைச் செய்ததுமில்லை. பெண்டாட்டி பேச்சைக் கேட்டு நடக்கிறவன் என்று பேர் வந்துவிட்டால் அப்புறம் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு ஏலக்காய் விற்கிற ஏல சென்டர் பக்கம் தலைகாட்ட முடியுமா?

"ஏன் வேண்டாம்?"

"ஆடி பொறந்திருச்சு. ஆடியில யாராச்சும் வண்டி வாங்குவாங்களா? ஆவணி வரட்டும்."

"ஆடியில வாங்குனா வண்டி ஆடுமா? ஆடியிலதான் வாங்குவேன்."

"சரி, வாங்குறதுதான் வாங்குறீங்க, பேஸ் மாடலா வாங்குங்க. முன்னாடி ரெண்டு சீட்டு, பின்னாடி நீளமாத் தொட்டி. மூட்டை ஏத்த அது போதும்."

"பேசு மாடலு ஒன்னு வீட்டுலயே இருக்கு. விடிஞ்சா ஆரம்பிச்சு அடையுற வரைக்கும் நிக்கிறதில்ல. ரெண்டாவது எனக்கு எதுக்கு? பால்பாண்டி வாங்கியிருக்கிறது மிடிலு. நான் டாப்பு வாங்குவேன்."

"டாப்பு நமக்கு ஆகாதுங்க."

"ஆகாதா? கிளம்புடி. உன் கண்ணு முன்னாடியே வாங்கிக் காட்டுறேன்."

தேனி ரோட்டில் சீனிச்சாமி ஆட்டோ கன்சல்டிங் வைத்திருந்தார். பழைய வண்டிகளை வாங்கித் துடைத்து விற்கிற இடம். ஆடி மாசம் என்பதால் ஈ, காக்கை இல்லை. அழகுமலையைப் பார்த்ததும் சீனிச்சாமி நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வந்து போட்டார். அவன் உட்காரவில்லை. உட்கார்ந்தால் கோபம் தணிந்துவிடும் என்று பயம்.

ஒரே கம்பெனி, ஒரே வருசத்து வண்டிகள் மூன்று வரிசையாக நின்றன. முதலாவது பேஸ். கண்ணாடியைக் கையால் சுற்றித்தான் இறக்க வேண்டும். ஸ்டியரிங்கைத் திருப்ப ரெண்டு ஆள் பலம் வேண்டும். ஆனால் தொட்டி, அதில் ஒரு கல்யாணப் பந்தியே நடத்தலாம். நடுவில் நின்றது மிடில், அதில் பவர் ஸ்டியரிங் மட்டும் உண்டு. மூன்றாவதுதான் டாப். டபுள் கேபின், ஏசி, பட்டனை அழுத்தினால் இறங்குகிற கண்ணாடி, பாட்டுப் பெட்டி, சோபா மாதிரி பின்சீட்டு. அதற்குப் பின்னால், மறந்துபோய் கடைசியில் ஒட்ட வைத்தது போல ஒரு குட்டித் தொட்டி.

"இதுதான்," என்றான் அழகுமலை.

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க," என்றார் சீனிச்சாமி. "என்ன சோலிக்கு வாங்குறீங்க?"

"ஏலக்கா மூட்டை இறக்க."

"அப்படின்னா பேஸ்தான் சரி. டாப்புல மூட்டை கொள்ளாது. பத்து மூட்டை ஏத்துற இடத்துல நாலுதான் ஏறும்."

"நான் சொன்னா கேக்க மாட்டேங்கிறாரு. நீங்களாச்சும் சொல்லுங்கண்ணே," என்றாள் சூர்யகலா.

அழகுமலைக்குக் காது சூடேறியது. வியாபாரி என்றால் விலை கூடின வண்டியைத் தலையில் கட்டப் பார்க்க வேண்டும். இவன் என்ன வியாபாரி? பெண்டாட்டி கட்சியில் சேர்ந்துவிட்டான்.

"எத்தனை மூட்டை ஏத்தணும்னு எனக்குத் தெரியும். ரெண்டு நடை அடிச்சிட்டுப் போறேன்."

"பின்சீட்டு எதுக்குங்க?" என்றாள் அவள். "இருக்கிறது ஒரே மக. அவளும் கோயமுத்தூர் ஹாஸ்டல்ல கெடக்கா. சீட்டுல யாரு உக்காரப்போறா?"

"என் சேக்காளிங்க உக்காருவாங்க."

"அதுக்குத்தான் வேண்டாங்கிறேன்."

"அதுக்குத்தான்டி வாங்குறேன்."

"ஏசி எதுக்கு? போடிமெட்டு தாண்டுனா பல்லு தந்தி அடிக்குது. அங்க போயி எவனாச்சும் ஏசி போடுவானா?"

"ஏசியோட ஹீட்டரும் சேர்ந்தேதான் வருதும்மா," என்று சீனிச்சாமி இழுத்தார்.

"அதுவும் வேண்டாம். இவரு எல்லாரையும் ஏசுற சூட்டுக்கு ஹீட்டரு எதுக்கு?"

யார்டில் டயர் மாட்டிக்கொண்டிருந்த ஆள் சிரித்துவிட்டான். அவ்வளவுதான். அழகுமலை டாப் மாடலின் பானெட்டில் ஓங்கி ஒரு அறை அறைந்தான். "இந்த வண்டி. இப்பவே. இனிமே ஒரு வார்த்தை பேசுனா மூணையும் வாங்குவேன்."

சூர்யகலா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு காம்பவுண்டுச் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் ரெண்டும் குலுங்கின. அழுகிறாள் என்று அழகுமலைக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி. சாவி வாங்கும்போது அவனுக்குக் கோபம் கூடக் கொஞ்சம் குறைந்திருந்தது.

வீட்டுக்கு வந்தும் அவள் ஆரத்தி எடுக்கவில்லை. ஆடியில் வந்த வண்டிக்கு ஆரத்தி ஒரு கேடா என்றாள். அவனே நாலு எலுமிச்சம்பழம் வாங்கி, அவனே சக்கரத்துக்கு அடியில் வைத்து, அவனே ஏற்றி நசுக்கினான். பிறகு பால்பாண்டிக்குப் போன் போட்டான்.

"மாப்ளே, திங்கக்கிழமை காலையில ஏல சென்டருக்கு நம்ம வண்டியில போவோம். வெரசா வந்துரு. ஏசி போட்டுப் போவோம். நமக்குள்ள என்ன."

அதைச் சொன்ன பிறகுதான் அவனுக்குச் சாப்பாடு இறங்கியது.

திங்கட்கிழமை விடிந்தும் விடியாமலும் இஸ்திரி போட்ட வேட்டியோடு வாசலுக்கு வந்தான். வண்டியில் மாற்றுச் சாவி தொங்கியது, உள்ளே ஆள் இருந்தது. பின்சீட்டில் நாலு பெண்கள். மூன்று பேர் உட்காரும் சீட்டில் நாலு பேர் தாராளமாக உட்கார்ந்திருந்தார்கள். மடியில் தூக்குவாளி, காலடியில் காய் எடுக்கிற கூடை, தலையில் மழைக்குப் போடுகிற பிளாஸ்டிக் காகிதம். சன்னலோரம் இருந்தவள் பட்டனை அழுத்திக் கண்ணாடியை இறக்கினாள்.

"வாங்கண்ணே. கிளம்பலாம்."

"யாரும்மா நீங்கள்லாம்? யாரு வண்டியில ஏறி உக்காந்திருக்கீங்க?"

"என்னண்ணே தெரியாத மாதிரி கேக்குறீங்க. சிலமலை ராக்கு. உங்க தோட்டத்துக்குக் காய் எடுக்க வர்றோம்ல."

அழகுமலைக்கு ஒன்றும் ஓடவில்லை. போன வருசம் இதே ராக்குவின் வீட்டு வாசலுக்கு சூர்யகலா நடையாய் நடந்தும் ஒருத்தி வரவில்லை. பெரிய எஸ்டேட்டுக்காரர்கள் ஜீப்பு அனுப்பி எல்லோரையும் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். ஜீப்பு என்றால், எட்டுப் பேர் ஏறும் இடத்தில் இருபது பேர். ஒருத்தி மடியில் ஒருத்தி. மழை பெய்தால் நனைந்து, கொண்டையூசி வளைவில் ஒருத்தி வாந்தி எடுத்தால் எல்லோரும் எடுத்து, மேலே போய்ச் சேர்வதற்குள் பாதி உயிர் போய்விடும். ஆனாலும் அது ஜீப்பு. இவன் வாடகைக்குப் பிடித்து அனுப்பிய வண்டிக்குத் தார்ப்பாய் கூட இல்லை.

சூர்யகலா வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்தாள். அவளும் கூடையோடு வந்தாள்.

"இதெல்லாம் என்னடி?"

"காய் பழுத்துக் கெடக்கு. எடுக்க ஆள் வேணும்ல."

"இவங்களை எப்ப கூப்பிட்ட?"

அவள் வாயைத் திறப்பதற்குள் ராக்கு முந்திக்கொண்டாள். "அக்கா ஆனி மாசமே வந்து சொல்லிருச்சுண்ணே. ஆடியில இருந்து மூடுன வண்டி, மெத்தை சீட்டு, உள்ள ஹீட்டரு இருக்கும், நனையாமப் போயி நனையாம வரலாம்னு. அதுனாலதான் எஸ்டேட்டு ஜீப்பு வேண்டாம்னு சொல்லிட்டு வந்தோம்."

"ஆனி மாசமா? நானே ஆடியிலதானே வண்டி வாங்கணும்னு நினைச்சேன்."

"நாங்களும் கேட்டோம்ணே. அண்ணன் ஒத்துக்கிருவாரான்னு. அக்காதான் சொல்லுச்சு, 'பால்பாண்டி அண்ணன் வாங்கப்போறாரு, அதைப் பாத்து இவரும் கிளம்புவாரு. நான் வேண்டாம்னு சொல்றேன், அவரு வாங்கிருவாரு'ன்னு."

வண்டிக்குள் நாலு பேரும் நாலு திசையில் பார்த்துக்கொண்டார்கள். அழகுமலைக்கு உச்சந்தலையில் மிளகாய் அரைத்து வைத்த மாதிரி இருந்தது. எதையாவது எறிய வேண்டும் போலிருந்தது. கையில் இருந்தது புது வண்டிச் சாவி. எறியவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தானா பால்பாண்டி வர வேண்டும்? பவுடர் போட்டு, சந்தனம் வைத்து, சென்ட்டு மணக்க வந்து நின்றான். பின்சீட்டைப் பார்த்தான். முன்சீட்டில் ஏறிக்கொண்டிருந்த சூர்யகலாவைப் பார்த்தான்.

"மச்சான், நான் எங்க உக்கார்றது?"

"பின்னாடி தொட்டி இருக்குண்ணே," என்றாள் ராக்கு. "குட்டைதான். காலை மடக்கிக்கிட்டா சரியா இருக்கும்."

பால்பாண்டி அழகுமலையைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தான். வந்த வழியே நடந்து போனான். அந்தச் சிரிப்பு நாளைக்குச் சாயங்காலத்துக்குள் சிலமலை வரைக்கும் போய்ச் சேர்ந்துவிடும்.

"எல்லாம் இறங்குங்க," என்றான் அழகுமலை. "நான் ஏல சென்டருக்குப் போறேன்."

"போங்க," என்றாள் சூர்யகலா. "இவங்களை இறக்கி விட்டுட்டுப் போங்க. இன்னைக்கு இறங்குனவங்க நாளைக்கு வரமாட்டாங்க. காய் வெடிச்சுக் கீழ கொட்டட்டும். ஏல சென்டருக்கு அடுத்த மாசம் எதைக் கொண்டுபோறதுன்னு மட்டும் யோசிச்சுக்கங்க."

யோசித்தான். யோசிக்க யோசிக்கக் கோபம் கூடியது. கூடிய கோபத்தோடு வண்டியை எடுத்தான்.

மலையடிவாரத்து முந்தல் செக்போஸ்ட்டு தாண்டுகிற வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். முதல் வளைவில் ஆரம்பித்தான்.

"என்னைய ஏமாத்திட்டேல்ல."

"ஆமா."

ஆமாம் என்பாள் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. அடுத்த வளைவை ஆரன் அடித்தபடியே திரும்பினான். மழை பிடித்துக்கொண்டது.

"நேரா கேட்டிருந்தா வாங்கித் தரமாட்டேனா?"

சூர்யகலா அவன் பக்கம் திரும்பினாள். இந்தத் தடவை அவள் முகத்தில் விளையாட்டு இல்லை.

"நேரா கேட்டு என்ன வந்துச்சு இந்த வீட்டுக்கு? அடுப்படிக்குக் குழா கேட்டேன். வாசல்ல போட்டீங்க. மகளைப் போடியிலயே படிக்க வைக்கலாம்னேன். கோயமுத்தூர்ல சேத்தீங்க. போன வருசம் மழையில நானும் ஒத்தைப் பொம்பளையுமா காய் எடுத்தோம். எடுக்க எடுக்க பின்னாடி வெடிச்சுக் கொட்டுது. எலி தின்னுது. அணில் தின்னுது. ரெண்டு ஆளு கூட்டியாங்கன்னு போன் போட்டா, விலை நெலவரம் பாத்துக்கிட்டு இருக்கேன்னீங்க. டீக்கடையில டம்ளர் கழுவுற சத்தம் எனக்குப் போன்ல கேக்குது. அன்னைக்கு முடிவு பண்ணேன், இனி இந்த ஆளுகிட்ட எதையும் வேணும்னு கேக்கக் கூடாதுன்னு."

பின்சீட்டில் நாலு பேரும் குனிந்து தூக்குவாளியைப் பார்த்தார்கள். வைப்பர் மட்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்தது.

அழகுமலை பதில் தேடினான். எதைச் சொன்னாலும் அந்த டம்ளர் சத்தம் குறுக்கே வந்து நின்றது. தப்பு தன் பேரில் இருக்கும்போது வருகிற கோபம் இருக்கிறதே, அதற்கு ஈடு கிடையாது. அந்தக் கோபத்தை அவன் ஸ்டியரிங்கில் காட்டினான். பவர் ஸ்டியரிங் ஆதலால் அதுவும் எதிர்த்து நிற்கவில்லை. ஒற்றை விரலுக்கு வளைந்து கொடுத்தது.

போடிமெட்டு நெருங்கும்போது அவனுக்கு ஒரு வழி புலப்பட்டது. இத்தனை வருசமாக அவள் ஜெயித்தது எதனால்? அவன் எதிர்த்துப் போவான் என்று தெரிந்துகொண்டதனால். எதிர்த்தே போகாவிட்டால்? அவளிடம் ஒரு ஆயுதம் மிஞ்சாது. நினைத்ததும் நெஞ்சு நிமிர்ந்தது. மழைச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தினான்.

"கேட்டுக்க. இனிமே உனக்கு எதிரா ஒன்னு செய்யமாட்டேன். நீ வேணும்னா வேணும். வேண்டாம்னா வேண்டாம். என்ன சொல்றியோ அதை அப்படியே செய்வேன். அப்புறம் எப்படி என்னைய ஏமாத்துறன்னு நானும் பாக்குறேன்."

சூர்யகலா கண்ணாடியில் படிந்த நீராவியை முந்தானையால் துடைத்தாள்.

"பேச்சு மாறமாட்டீங்களே?"

"அழகுமலை சொன்னாச் சொன்னதுதான்."

அவள் பின்னால் திரும்பினாள். "கேட்டுக்கிட்டீங்களா எல்லாரும்?"

கேட்டுக்கொண்டதாக நாலு குரல் வந்தது.

"அப்ப அந்த ஹீட்டரை இன்னும் கொஞ்சம் கூட்டி வைங்க. ராக்குவுக்குக் கால் சில்லுன்னு இருக்காம்."

அழகுமலை கூட்டி வைத்தான்.