பின்தொடை ஆய்வுக் குழுவின் மாபெரும் வெற்றி

பெண்களின் பின்தொடைத் தசையைக் காக்க வேண்டும் என்ற உன்னத எண்ணம் மனித குலத்துக்கு முதன்முதலில் தோன்றியது அந்தக் கால்பந்து கிளப்பின் கூட்ட அறையில்தான். தோன்றிய கையோடு ஏசியைக் கூட்டி வைத்தார்கள். கிளப் தலைவர், ஓர் ஆலோசகர், ஒரு மருத்துவர் என 'நிபுணர் குழு' அமைந்தது. மூவரும் ஆண்கள். பாரபட்சமில்லாமல் ஆராய வேண்டுமே.

கிளப்பின் பெண்கள் அணியில் இடது ஓரத்தில் பந்தோடு பறப்பதால் சிட்டு என்று பெயர் வாங்கியவளுக்கு அந்த வாரம் வேறு கவலை. ஞாயிறன்று இறுதிப்போட்டி. தேசிய அணிக்கு ஆள் எடுப்பவர் அவளைப் பார்க்கவென்றே வருகிறார். அந்த நேரம் பார்த்துத்தான், யாருக்குத் தசை கிழியும் என்று கண்டுபிடிக்கும் 'ஆபத்துச் சோதனை' என்று மைதானத்துக்குக் கூப்பிட்டார்கள். முந்தின நாள் அரையிறுதி ஆடியதில் படியிறங்கவே தொடை முரண்டு பிடித்தது. காலில் ஆண்கள் அணி கழித்துக்கட்டிய பூட்ஸ், அளவு பெரிது என்பதால் முனையில் பஞ்சு.

"கொஞ்சம் வார்ம்-அப் பண்ணிக்கிறேன் சார்."

"வேண்டாம்மா," என்றார் ஆலோசகர். "தசை சூடாயிட்டா முடிவு கலப்படமாயிடும்."

"நேத்துதான் முழு மேட்ச் ஆடினேன். ரெண்டு நாள் கழிச்சு ஓடட்டுமா?"

"களைப்பா இருந்தாத்தானே ஆபத்து தெரியும்," என்றார் மருத்துவர் கனிவாக.

தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். "சீக்கிரம் ஓடும்மா. பசங்க டீமுக்கு கிரவுண்டு வேணும். ஓடாதவங்க ஞாயித்துக்கிழமை பெஞ்சுலதான்."

சிட்டு ஓடினாள். பாதி தூரத்தில் தொடைக்குப் பின்னால் என்னவோ அறுந்தது. இறுதிப்போட்டி போச்சே என்று புல்லில் முகம் புதைத்து அழுதாள். குழு கைதட்டியது. சந்தேகப்பட்ட தசையே கிழிந்திருக்கிறது. சோதனையின் துல்லியத்தை இனி யார் குறை சொல்ல முடியும்? மருத்துவர் ஓடோடி வந்தார்.

"இன்னொரு கால் நல்லாத்தானே இருக்கு? அதையும் பார்த்துடலாமாம்மா? ஒப்பிடணும்."

ஞாயிறன்று ஆள் எடுப்பவர் வேறொருத்தியை எடுத்துக்கொண்டு போனார்.

சீசன் முடிந்ததும் தலைவர் சிட்டுவை அறைக்கு அழைத்து, வழவழப்பான ஆய்வறிக்கையைப் பிரித்து வைத்தார். 'தலையாய ஆபத்துக் காரணி: ஏற்கெனவே காயம் பட்டிருத்தல்.'

"உனக்கு அது இருக்கேம்மா. உன் நல்லதுக்குத்தான் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கலை."

சிட்டுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அந்தக் காயம் யாரால வந்துச்சுன்னு இதுல எழுதலையா சார்?"

"எழுதாம இருப்போமா?" என்றார் தலைவர், மனம் புண்பட்டவராக. "எழுதிப் பார்த்தா காரணிப் பட்டியல்ல முதல் மூணு இடத்துலயும் எங்க பேரே வந்துச்சும்மா. அதான் அந்த மூணையும் அடிச்சுட்டோம்."