சித்திரக்கூடத்தின் மூன்றாம் விதி

சதுரங்கப்பட்டினம்,
12-8-1974.

மதிப்புக்குரிய மச்சான் அமீர் அவர்கள் சமூகத்திற்கு, மைதீன் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையால் இங்கே உடம்புக்கு ஒருவருக்கும் ஒன்றுமில்லை. ஊரப்பாக்கத்தில் தாங்களும் மாமியும் பிள்ளைகளும் சுகமாயிருக்க துஆ செய்கிறேன். நிற்க, தங்கள் தங்கை ஹபீபா என்னோடு பேசி இன்றோடு ஒன்பது நாள். காரணம் எனக்கே சரியாக விளங்கவில்லை, விளங்கியவரைக்கும் எழுதுகிறேன்.

இங்கே பழைய உப்புக் கிடங்கைச் சித்திரக்கூடமாக்குகிறார்கள். ஊர் ஜனங்கள் வரைந்த படங்களை ஊர் ஜனங்களே வந்து பார்ப்பதற்காம். தலைவர், ரிட்டையரான டிராயிங் வாத்தியார் தாமோதரன். கடையில் பெயின்ட் விற்கிற ஒரே காரணத்துக்காக என்னைச் செயலாளராக்கிவிட்டார்கள். கூடத்தின் நோக்கம் என்ன, தரம் என்ன என்று எழுதிக் காட்டினால்தான் அனுமதி என்று செங்கல்பட்டிலிருந்து கடிதாசி வந்தது. நோக்கத்தை வாத்தியார் எழுதினார்: "ஊர் தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும் இடம்." எனக்குப் புரியவில்லை, அதற்குக் கண்ணாடி போதுமே என்றேன். உடனே தரத்தை என் தலையில் கட்டினார்கள். தரம் என்றால் எனக்குத் தெரிந்தது ஆணியும் வார்னிஷும்தான். யோசித்து யோசித்து மூன்று விதி எழுதினேன். படம் கிழிந்திருக்கக் கூடாது, சாயம் கையில் ஒட்டக் கூடாது, உண்மைக்கு மாறாக இருக்கக் கூடாது.

வந்த படங்களில் பேரில்லாமல் ஒன்று. ஒரு கடை, அதில் முதலாளி மேஜைமேல் தலையைச் சாய்த்து வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார், பின்னால் ஆடு ஒன்று காலண்டரைத் தின்கிறது. "இப்படி ஒரு வியாபாரி உலகத்தில் கிடையாது, மூன்றாம் விதிப்படி தள்ளுபடி" என்று பின்பக்கம் சிவப்பு மையில் எழுதி முத்திரையும் குத்தினேன். போர்டு எழுதுகிற தேவசகாயம் பக்கத்திலேயே நின்றிருந்தார். "இன்னா பாய், நெஜமாவே தெர்லியா? அது உங்க கடை. வரைஞ்சது உங்க வூட்டம்மா" என்றார். ஊருக்கே தெரிந்திருக்கிறது. எனக்கு எப்படித் தெரியும் மச்சான், நான் தூங்கும்போது என்னை நான் பார்த்ததில்லையே.

வீட்டுக்குப் போனால் ஹபீபா, "கோடு கோணலா கீதுன்னு எழுதியிருந்தா ஒத்துக்கினு இருப்பேன். பதினாறு வருஷமா சாப்பாடு எடுத்தாந்து தெனம் பார்க்கறதைப் பொய்யின்னு எழுதிட்டீங்களே" என்றாள். அதோடு சரி. சோறு வருகிறது, கூடவே முகம் வருவதில்லை. வெள்ளிக்கிழமை பஸ் ஏறி அங்கே வந்துவிடப் போவதாகப் பக்கத்து வீட்டு சந்திரம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். விதியைத் திருத்தினால் செயலாளர் பொண்டாட்டிக்குப் பயந்தான் என்பார்கள், திருத்தாவிட்டால் நான் தூங்குவதேயில்லை என்று சத்தியம் பண்ணின மாதிரி ஆகிறது. இந்தப் பேஜாரில் எனக்கு நிஜமாகவே தூக்கம் போய்விட்டது, கடையிலும்கூட. தாங்கள் உடனே புறப்பட்டு வந்து அவளுக்கு நல்ல வார்த்தை சொல்லி, எனக்கொரு ராஜினாமாக் கடிதமும் எழுதித் தர வேண்டும்.

மாமிக்கு சலாம், பிள்ளைகளுக்கு துஆ.

இப்படிக்கு,
ஒன்றும் விளங்காத
மைதீன்.

பி.கு.: கடிதத்தை ஒட்ட இரண்டு நாள் தாமதமாகிவிட்டது, அதற்குள் செங்கல்பட்டு அதிகாரி வந்துவிட்டார். தாங்கள் கிளம்ப வேண்டாம். நோக்கத்தைப் படித்துவிட்டு, "இதுக்குத் தகுந்த படம் எது?" என்று கேட்டார். வாத்தியார் அந்தப் படத்தைக் கொண்டுவந்து நீட்டினார். அதிகாரி படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். வாசலிலேயே மாட்டிவிட்டார்கள். பார்த்த ஜனம் நேரே கடைக்கு வந்து ஒத்துப் பார்க்கிறது, நான் விழித்திருந்தால் முகம் வாடித் திரும்புகிறது. சற்றுமுன் ஹபீபா பேசிவிட்டாள். "கொஞ்ச நேரம் தூங்குங்க, திருக்கழுக்குன்றத்துலேர்ந்து ஆளுங்க வந்துகினு கீறாங்க" என்றாள்.