அப்பீல் அண்ணனும் அலகு உடைந்த சேவலும்

உலகத்தில் யார் சொன்ன தீர்ப்பையும் முதல் தடவையிலேயே ஒத்துக்கொள்ளாத மனிதர் ஒருவர் உண்டென்றால், அவர் எங்கள் லயத்து அப்பீல் அண்ணன்தான். பெற்றோர் வைத்த பெயர் அவருடைய அடையாள அட்டையில் இருக்கிறது. அந்த அட்டையில் இருக்கும் போட்டோ தன்னுடையது இல்லை என்று இன்றைக்கும் வாதாடிக்கொண்டிருக்கிறார்.

யட்டியாந்தோட்டையிலிருந்து மேலே ஏறும் ரோட்டில் எங்கள் ரப்பர் தோட்டம். அண்ணன் பால்வெட்டுக்காரர். லயம் என்கிற நீண்ட வரிசை வீட்டில் ஏழாம் காம்பரா அவருடையது, எட்டாம் காம்பரா எங்களுடையது. நடுவில் இருக்கும் சுவர் கூரை வரைக்கும் போகாது. ஆகையால் அவருடைய அப்பீல்கள் எல்லாவற்றையும் நான் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கொப்பி திருத்திக்கொண்டே கேட்டிருக்கிறேன். மைதானத்தில் மேட்ச் நடந்தால், வேடிக்கை பார்க்க வந்த இவர்தான் அம்பயரிடம் முதலில் கையைத் தூக்குவார். கிளினிக்கில் பிரஷர் கூடுதல் என்று சொன்னால், "அந்தப் பட்டிய மத்தக் கையில கட்டிப் பாருங்க" என்பார். மற்றக் கையிலும் கூடுதல் என்றால், "ரெண்டு கையும் ஒரே ஆளோடதுதானே, அத எப்படி ரெண்டு சாட்சியா எடுக்கிறது?" என்பார்.

சேவல் விஷயத்துக்கு வருகிறேன். முறைப்படி பார்த்தால் அது அவருடைய சேவலே இல்லை, முனியாண்டி சாமியுடையது. மகள் கலா தலைப்பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போய் இரண்டு நாள் வலியில் கிடந்தபோது, அண்ணனின் மனைவி பாக்கியம் அக்கா வாசலில் நின்று கையெடுத்துக் கும்பிட்டு, "தாயும் புள்ளையும் நல்லபடியா வீடு வந்து சேரட்டும் சாமி, இந்தச் சேவல ஆடி மாசம் ஒனக்குக் குடுத்துர்றேன்" என்று நேர்ந்துகொண்டார். தாயும் பிள்ளையும் நல்லபடியாக வந்தார்கள். நேர்ந்துவிட்டதற்குப் பெயர் வைக்கக் கூடாது என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், அண்ணன் சேவலை "இவரு" என்றுதான் குறிப்பிடுவார். "இவரு எங்க போனாரு, காலையிலேருந்து சாப்புடக்கூட வரல" என்று அவர் தேடினால், புதிதாக வந்தவர்கள் வீட்டில் ஒரு பெரிய மனிதர் இருப்பதாக நினைத்துக்கொள்வார்கள்.

இவருக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பளபளப்பான எதிலாவது தன் முகம் தெரிந்தால், வேறு சேவல் என்று நினைத்துச் சண்டைக்குப் போய்விடுவார். சித்திரை வருஷப்பிறப்பு முடிந்த கையோடு லயத்துக்கு வந்த ஓர் ஆட்டோவின் சக்கர மூடியில் எதிரியைக் கண்டார். மூடியில் அலங்காரத்துக்கு ஓட்டைகள் போட்டிருந்தார்கள். இவர் ஓர் ஓட்டைக்குள் அலகை விட்டதும், டிரைவர் ஆட்டோவைக் கிளப்பியதும் ஒரே நேரத்தில் நடந்தன. மேல் அலகில் பாதி உடைந்து விழுந்தது.

லயமே கூடித் தீர்ப்புச் சொன்னது. கொத்தித் தின்ன முடியாத சேவல் ஒரு வாரம் தாங்காது என்றார்கள். ஒருவர் குழம்பு என்ற சொல்லையும் வாய் தவறி விட்டுவிட்டார். பூசாரி வந்து பார்த்தார். "ஊனப்பட்டத சாமி ஏத்துக்காது. நேர்ந்தத நீங்க திங்கவும் கூடாது. ஆடிக்குள்ள கொற தீந்தா இதையே கொண்டாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். சாமிக்கென்று விட்டது பாதியில் செத்தால் அது குழந்தைக்கு ஆகாது என்பது பாக்கியம் அக்காவின் பயம்.

அண்ணன் சேவலைத் துண்டில் சுற்றினார். "எல்லாரும் சொல்லி முடிச்சிட்டீங்களா? இனி நான் மேலிடத்துல பாத்துக்கிறேன்" என்று பஸ் ஏறப் போய்விட்டார்.

பஸ்ஸில் கண்டக்டர், "மாமே, குக்குலா பே" என்றாராம். சேவலை ஏற்ற முடியாது என்று பொருள். அண்ணன் சிங்களத்தில் வெளுத்து வாங்கக்கூடியவர். இது சேவல் இல்லை, 'லெடெக்', அதாவது நோயாளி என்று வாதாடியிருக்கிறார். தெஹியோவிட்ட வரைக்கும் இவர் ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து போனதாக அண்ணன் சொல்கிறார். அவ்வளவு தூரத்துக்கு நம்ப நான் தயாராக இல்லை.

தெஹியோவிட்ட மிருக வைத்தியர் இளவயதுப் பெண். அலகின் அடிப்பகுதி நன்றாக இருப்பதால் நகம் வளர்வதுபோல் மெல்ல வளர்ந்துவிடும் என்றாராம். அதுவரை தீனியைக் குழைத்து, ஆழமான பாத்திரத்தில் வைத்து, கையாலும் ஊட்ட வேண்டும். ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் தலையில் தண்ணீர் ஊற்றி முகத்தைக் கழுவித் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒட்டிய தீனி காய்ந்து புண்ணாகிவிடும். "மூணு மாசம் செய்யணும் மாமா, ஏலுமா? இல்லாட்டி..." என்று அந்தப் பெண் இழுத்திருக்கிறார். "இல்லாட்டிங்கிற பேச்சே வேணாம் நோனா" என்று அண்ணன் திரும்பிவிட்டார்.

டாக்டர் சொன்னதை அப்படியே கேட்டிருந்தால் அவர் அப்பீல் அண்ணன் இல்லையே. மூன்று மாதம் என்பதைக் குறைக்க முடியாதா என்று யோசித்தார். இருபத்தைந்து வருஷம் ரப்பர் மரத்தோடு வாழ்ந்தவருக்கு, உடைந்தது எதுவானாலும் ரப்பர்ப் பாலால் சரிசெய்துவிடலாம் என்று ஒரு நம்பிக்கை. செருப்பு, குடை, வாளி, கட்டில் கால் எல்லாவற்றையும் அப்படித்தான் ஒட்டி வைத்திருக்கிறார். மரத்தடிச் சிரட்டையில் உறைந்து கிடந்த ஒட்டுப்பாலை எடுத்து, பிளேடால் செதுக்கி, வளைவெல்லாம் சரியாக ஓர் அலகு செய்தார். பச்சைப் பாலைத் தொட்டுச் சேவலின் முகத்தில் ஒட்டினார். உண்மையைச் சொன்னால், பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

இவர் கம்பீரமாக நடந்து போய் ஒரு சோற்றுப் பருக்கையைக் கொத்தினார். ரப்பர் அலகு மடங்கி, நிமிர்ந்து, அவர் கண்ணிலேயே அடித்தது. யாரோ தன்னை அடித்துவிட்டார்கள் என்று இவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு இன்னும் கோபமாகக் கொத்தினார். திரும்பவும் அடி விழுந்தது. கொஞ்ச நேரத்தில் வெயில் ஏறியதும் பால் இளகி, மேல் அலகும் கீழ் அலகும் சேர்ந்து ஒட்டிக்கொண்டன. கூவ முயன்றார், மூக்கு வழியாக ஒரு முனகல்தான் வந்தது.

"சாமி சேவலோட வாயவே ஒட்டி வச்சிருக்கீங்களே, நீங்க மனுசன்தானா?" என்று பாக்கியம் அக்கா தேங்காயெண்ணெயோடு ஓடி வந்தார். தடவித் தடவி அதைப் பிரித்தெடுக்க அரை மணி நேரம் ஆனது. வாய் திறந்ததும் இவர் முதல் வேலையாக அண்ணனின் கட்டைவிரலைக் கடித்தார். அதற்கு மட்டும் அண்ணன் அப்பீல் எதுவும் போடவில்லை.

அதன்பிறகு டாக்டர் சொன்னபடியே நடந்தது. கலாவுக்கென்று கிளினிக்கில் கொடுத்த திரிபோஷா சத்துமாவு அவளுக்குப் பிடிக்காது, இவருக்கோ அதில் உயிர். மாவைக் குழைத்துச் சிரட்டையில் வைத்து, மிச்சத்தைச் சின்ன உருண்டையாக்கி ஊட்டுவார் அண்ணன். பிறகு தலையில் தண்ணீர், துண்டால் ஒரு துடைப்பு. ஒரு நாளைக்கு ஐந்து தடவை. முதல் வாரம் தண்ணீர் பட்டதும் இவர் உடம்பைச் சிலுப்பி அண்ணனைத்தான் குளிப்பாட்டினார். போகப் போக, சலூனில் உட்கார்ந்தவர்போலக் கண்ணை மூடி முகத்தை நீட்டப் பழகிவிட்டார்.

அண்ணன் மலைக்குப் பால் வெட்டப் போன நேரத்தில் அக்கா ஊட்டினார். அக்கா ஊட்டியது சாமிக்குக் கொடுத்த வாக்குக்காக. அண்ணன் யாருக்காக ஊட்டுகிறார் என்பது எனக்குப் புரியவில்லை. ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

"அண்ணே, மூக்கு வளரலன்னா பட்டினியில சாவும். வளந்தா ஆடியில வெட்டுவாங்க. எதுக்கு இந்தப் பாடு படுறீங்க?"

அவர் சேவலின் முகத்தைத் துடைத்து முடித்தார். "அத நெனச்சா ஊட்ட கை வராது டீச்சர். அதான் நெனைக்கிறதில்ல" என்றார்.

எனக்கு ஏன் கேட்டோம் என்றாகிவிட்டது.

ஆனி மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாசல் சிமெண்டில் 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்டது. தரையில் கிடந்த ஒரு நெல்லை இவர் தானாகக் கொத்தி விழுங்கிவிட்டார். அண்ணன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு லயத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஓடினார். "கொத்திட்டாரு, கொத்திட்டாரு" என்று ஒவ்வொரு கதவாகத் தட்டினார். அன்றைக்குத் தீர்ப்புச் சொன்னவர்கள் அத்தனை பேரும் வந்து வரிசையாக நின்று, இவர் கொத்துவதைப் பார்த்துவிட்டுத்தான் போக முடிந்தது. குழம்பு என்று சொன்னவரை மட்டும் அண்ணன் நிறுத்தி வைத்து மூன்று தடவை பார்க்கச் சொன்னார்.

ஆடி வந்தது. பூசை நாள் காலையில் பூசாரி சேவலின் அலகைத் திறந்தும் மூடியும் பார்த்தார். "ஒரு கொறையும் இல்ல" என்றார். கோணலாகவாவது வளர்ந்திருக்கக் கூடாதா என்று நான் மனதுக்குள் ஏங்கியது சாமிக்குத்தான் தெரியும். எல்லோரும் அண்ணனைப் பார்த்தோம். அவர் தோளில் கிடந்த பேத்தியை ஒரு தடவை பார்த்தார். குழந்தையைக் கலாவிடம் கொடுத்தார். "வாக்கு வாக்குதான். இவர நானே கொண்டாறேன்" என்றார். அந்த மனிதர் வாதாடாமல் நடந்து போனதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரிந்ததுதானே. சேவலின் தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். அது உடம்பைச் சிலுப்பினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம். மூன்று தடவை ஊற்றியும் சிலுப்பாவிட்டால் வெட்டக் கூடாது, சாமி பேரில் உயிரோடு விட்டுவிட வேண்டும். சிலுப்பாத சேவலை அதுவரைக்கும் யாரும் பார்த்ததில்லை.

பூசாரி முதல் செம்பை ஊற்றினார். இவர் கண்ணை மூடி முகத்தை நீட்டினார். பூசாரி கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு இரண்டாவது செம்பை ஊற்றினார். இவர் மற்றக் கன்னத்தைத் திருப்பிக் காட்டினார். மூன்றாவது செம்பைப் பூசாரி நிதானமாக, தலையிலிருந்து வால்வரைக்கும் ஊற்றினார். இவர் சொட்டச் சொட்ட நடந்து வந்து, குந்தியிருந்த அண்ணனின் தோளிலிருந்து தொங்கிய துண்டில் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பூசாரி அருவாளைக் கீழே வைத்தார். "சாமி உத்தரவு குடுக்கல. நேர்த்தி தீந்துருச்சு, உசுரோட விட்டுருங்க" என்றார்.

"இன்னொரு தடவ ஊத்திப் பாருங்களேன்" என்றார் பாக்கியம் அக்கா. குரலில் பாதி பயம் இன்னும் இருந்தது.

அண்ணன் சேவலைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "சாமியே சொல்லியாச்சு புள்ள. இதுக்கு மேல அப்பீல் கெடையாது" என்றார்.

அக்கா அவரைப் பார்த்தார், சேவலைப் பார்த்தார், பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கவும் அழவும் ஆரம்பித்துவிட்டார். கலா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். தப்பு மேளம் அடித்தவர்கள் யாரும் சொல்லாமலேயே அடியை மாற்றினார்கள். கோயிலிலிருந்து லயம்வரைக்கும் முன்னால் தப்பு, நடுவில் மாலையோடு இவர், இவரைச் சுமந்துகொண்டு அண்ணன், பின்னால் நாங்கள் எல்லோரும். இந்தத் தோட்டத்தில் அப்படி ஓர் ஊர்வலம் எந்தத் துரைக்கும் நடந்ததில்லை.

போன மாதம் எனக்கு முழங்கால் வீங்கியது. இனி இப்படித்தான், சமாளித்துக்கொள்ள வேண்டியதுதான் என்று டாக்டர் சொன்னதாக வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன். அரைச்சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. "டீச்சர், அவரு யாரு அத முடிவு பண்ண? நாளைக்கு மொத பஸ்ஸு. ரெடியா இருங்க." நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். எல்லோரும் இவ்வளவுதான் என்று சொல்லிவிட்டுப் போன பிறகும் எனக்காகப் பஸ் ஏற ஓர் ஆள் பக்கத்துக் காம்பராவில் இருக்கிறார்.