சுகர் வராத மீட்டர் அண்ணன்

கம்பம் பள்ளத்தாக்கில் சர்க்கரை நோய்க்கு அதிகமாகப் பயந்தவர் யார் என்று போட்டி வைத்தால், சர்க்கரை நோயே இல்லாத ஒருத்தர்தான் முதல் பரிசு வாங்குவார். பரிசாக லட்டு கொடுத்தால் மேடையிலேயே மயங்கி விழுவார். அவர்தான் எங்கள் மீட்டர் அண்ணன்.

காமயகவுண்டன்பட்டியில் எனக்கு எதிர்வீடு. திராட்சைப் புரோக்கர். சட்டைப் பையில் எப்போதும் ரெண்டு மீட்டர் இருக்கும். ஒன்று பழத்துக்கு. ஒரு சொட்டுச் சாற்றை விட்டு, வெயிலுக்கு நேரே பிடித்துக் கண்ணை இடுக்கினால் இனிப்பு எத்தனை என்று தெரியும். இன்னொன்று மனுஷனுக்கு. விரலைக் குத்தி ரத்தம் வைத்தால் சுகர் தெரியும். பெற்றவர்கள் அவருக்கு என்ன பேர் வைத்தார்கள் என்பது ரேஷன் கடைக்காரருக்கு மட்டும்தான் தெரியும்.

காலையில் டீக்கடைக்கு வந்ததும் முதல் காரியம் விரலைக் குத்துவது. மீட்டர் கணக்குப் போடுகிற அந்த அஞ்சு நொடியும், "கௌமாரித் தாயே, கௌமாரித் தாயே" என்று வீரபாண்டி அம்மனைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார். தொண்ணூற்றெட்டு காட்டும். அப்பாடா என்று பெஞ்சில் சாய்வார். சாய்ந்த வேகத்தில் எழுந்து அலறுவார்.

"ஏலே, நேத்துத் தொண்ணூத்தாறுல்லடா இருந்துச்சு! ஒரே நாள்ல ரெண்டு ஏறிருச்சே! இப்படியே போனா தீபாவளிக்கு எங்கன போயி நிக்கும்?"

அதற்குப் பிறகு டீக்கடையில் ஒருத்தருக்கும் டீ இறங்காது. கடைக்காரர் தலையில் அடித்துக்கொள்வார்.

மார்க்கையன்கோட்டையில் ஒரு கல்யாணம். பந்தியில் பாயசம் வந்தது. அண்ணன் குடிக்கவில்லை. திராட்சை மீட்டரை எடுத்து அதில் ஒரு சொட்டு விட்டார். ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. "மீட்டர் முப்பத்திரெண்டுக்கு மேல காட்டாது. அதையும் தாண்டிருச்சுய்யா! குடிக்காதீக, யாரும் குடிக்காதீக!" என்று கத்தினார். பந்தியில் பாதிப்பேர் பாயசத்தில் ஏதோ விழுந்துவிட்டது என்று நினைத்து எழுந்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் அப்பா இவரைக் கையைப் பிடித்து வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்.

வீரபாண்டித் திருவிழாவில் அக்கினிச்சட்டி எடுக்க நேர்ந்துகொண்டார், சுகர் வராமல் இருக்க. சட்டி கையில், ரப்பர் செருப்பு காலில். கூட்டத்தில் ஒரு அம்மாள் பிடித்துக்கொண்டார்கள். "ஏய்யா, செருப்போடயா ஆத்தாகிட்ட வருவ?" அண்ணன் அசரவில்லை. "ஆத்தா கோவிச்சாலும் மன்னிச்சுருவா தாயி. கால்ல புண்ணு வந்தா சுகரு மன்னிக்குமா?"

இவ்வளவு பயத்துக்கு ஏதோ சோகக் கதை இருக்கும், வீட்டில் யாரையாவது பறிகொடுத்திருப்பார் என்று நினைப்பீர்கள். நானும் விசாரித்துப் பார்த்தேன். ஒரு கதையும் கிடையாது. மனுஷருக்குச் சும்மாவே பயம்.

எனக்கு அவரைக் கண்டாலே எரிச்சல். நான் கணக்கு டீச்சர். காரணம் இல்லாத எதுவும் எனக்குப் பிடிக்காது.

அப்புறம் என் முப்பத்தெட்டாவது வயதில் எனக்குத் தாகம் எடுக்க ஆரம்பித்தது. ஒரு பீரியட் முடிவதற்குள் ஒரு பாட்டில் தண்ணீர் காலி. அடுத்த பீரியடில் பாதிக் கணக்கைப் போர்டில் விட்டுவிட்டு பாத்ரூமுக்கு ஓட்டம். உடம்பு இளைத்தது. ஸ்டாஃப் ரூமில் எல்லாரும், "என்ன டீச்சர், ஸ்லிம் ஆயிட்டீக! என்ன டயட்டு?" என்று பொறாமைப்பட்டார்கள். எனக்கும் கொஞ்சம் பெருமைதான், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

கம்பத்தில் ஒரு கிளினிக்கில் காட்டினேன். சுகர் என்றார்கள். "முப்பத்தெட்டு வயசு, டைப் டூதான்" என்று மாத்திரை எழுதினார்கள்.

சுகரில் எத்தனை வகை என்று எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். டைப் ஒண்ணு சின்னப் பிள்ளைகளுக்கு, டைப் ரெண்டு பெரியவர்களுக்கு, மாசமாக இருக்கும்போது வருவது தனி, அது பிரசவத்தோடு போய்விடும். பஸ்ஸில் அரை டிக்கெட், முழு டிக்கெட் மாதிரி வயசைக் கேட்டுக் கிழித்துக் கொடுக்க வேண்டியதுதான். நானும் அதைத்தான் நம்பினேன். நம்பினேன் என்ன, சந்தோஷமே பட்டேன். டைப் ஒண்ணு என்றால் இன்சுலின் ஊசி. "ஊசியில கொண்டுபோயி விட்டுட்டா அதோட முடிஞ்சுச்சு" என்று தெருவில் பேசுவதைக் கேட்டே வளர்ந்தவள் நான். ஊசி என்ற வார்த்தை காதில் விழுந்தாலே எழுந்து போய்விடுவேன். மாத்திரையோடு போச்சே, சாமி காப்பாத்துச்சு என்று விழுந்து கும்பிட்டேன்.

மீட்டர் அண்ணனுக்கு மட்டும் தெரியக்கூடாது என்று வீட்டுக்காரரிடம் சத்தியம் வாங்கினேன். தெரிந்தால் ஊரைக் கூட்டிவிடுவார்.

சுகர் இறங்கவில்லை. மாத்திரை ஒன்று ரெண்டானது, ரெண்டு நாலானது. "வாயைக் கட்டுங்க" என்றார்கள். சோற்றைக் குறைத்தேன். அப்புறம் சோற்றையே விட்டேன். ரவிக்கையை மூன்று தரம் பிடித்துத் தைத்தாகிவிட்டது. கண்ணாடியில் பார்த்தால் கன்னத்து எலும்புதான் முதலில் தெரியும். பயமாக இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஊசி என்பார்களே!

ஒருநாள் காலை, வீட்டுக்காரர் மதுரைக்குப் போயிருந்தார். வாசலில் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன். மூச்சு இரைத்தது. எதிரே குட்டியானை வண்டியில் திராட்சைப் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்த மீட்டர் அண்ணன் ஓடி வந்தார். கேட்கவே இல்லை, விரலைப் பிடித்துக் குத்திவிட்டார். எண்ணைப் பார்த்ததும் அலறினார்.

"நானூத்தி எம்பது! டீச்சர், நானூத்தி எம்பது!"

"டைப் டூதாண்ணே. மாத்திரை சாப்பிடுறேன். போங்க."

அவர் போகவில்லை. என் மணிக்கட்டை உள்ளங்கையில் வைத்து, பழக்கொத்தை எடை பார்ப்பதுபோல லேசாகத் தூக்கிப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"ஆத்தா, ரெண்டு கொத்து ஒரே இனிப்புக் காட்டும். ஒண்ணு நல்லாப் பழுத்து ஏறுனது. இன்னொண்ணு கொடியில சத்து வராம வத்திப்போயி ஏறுனது. மீட்டரை மட்டும் பாத்து வாங்குனா வியாபாரி ஒழிஞ்சான். கையில தூக்கிப் பாத்தாத்தான் தெரியும். நீ வத்திக்கிட்டிருக்கத்தா! மாத்திரை குடுத்தவுக உன்னையத் தூக்கிப் பாக்கலையா?"

"ஊசி போட்டுருவாகண்ணே" என்று நான் அழுதேன்.

"எனக்கும்தான் பயமா இருக்கு. நீ ஏறு வண்டியில."

முன் சீட்டில் நான், பின்னால் முப்பது பெட்டி திராட்சை. "கம்பத்துல வேணாம், தேனிக்கே போவோம்" என்றார். வழியில் எந்தக் கோயிலைக் கண்டாலும் ஒரு நேர்த்திக்கடன். உத்தமபாளையம் தாண்டுவதற்குள் என் பேரில் மூன்று மொட்டை நேர்ந்துவிட்டார். சிரிக்கத் தெம்பு இல்லை. இன்றைக்குச் செத்துப்போவேனோ என்று நிஜமாகவே நினைத்தேன்.

தேனி ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்த டாக்டரம்மா சிறுநீரைச் சோதித்ததும் ஓட்டமும் நடையுமானார்கள். உடனே ட்ரிப், உடனே இன்சுலின். ரெண்டு நாள் கழித்து, தனியாக அனுப்பிய ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டோடு வந்து உட்கார்ந்தார்கள்.

"டைப் டூல உடம்புல இன்சுலின் ஊறும், சரியா வேலை செய்யாது. அதுக்கு மாத்திரை கேக்கும். உங்களுக்கு இன்சுலினே ஊறலை. இது டைப் ஒன். பெரியவுகளுக்கும் வரும், முப்பதிலும் வரும், அம்பதிலும் வரும். ஊசி உங்களை முடிக்கிறதுக்கு இல்லம்மா, ஊசி இல்லாமத்தான் நீங்க முடிய இருந்தீக. இன்னும் ஒருநாள் வீட்ல இருந்திருந்தா உங்களை உசுரோட பாத்திருக்க முடியாது."

முதல் நாள் நர்ஸ் எனக்கு ஊசி கொண்டுவந்தபோது நடந்ததையும் சொல்ல வேண்டும். தினம் மூன்று தரம் தன் விரலைத் தானே குத்திக்கொள்கிற மீட்டர் அண்ணன், அந்த ஊசியைப் பார்த்ததும் மரம்போல் சாய்ந்துவிட்டார். பக்கத்துக் கட்டிலில் படுக்கவைத்து அவருக்கும் ஒரு ட்ரிப் போட்டார்கள். வெளியே வண்டியில் திராட்சை வெந்துகொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்தேன். மறுநாள் காலை ஊசியை நானே போட்டுக்கொள்ள வேண்டும். வயிற்றுச் சதையைப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். குத்த வரவில்லை. வீட்டுக்காரர் பார்க்க முடியாமல் கொல்லைப்பக்கம் போய்விட்டார். வாசலில் ஒரு செருமல். மீட்டர் அண்ணன் கதவுக்கு அந்தப் பக்கம் சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக்க மூடி நின்றார். நெற்றியெல்லாம் வேர்வை.

"நான் கண்ணை மூடிக்கிட்டேன் ஆத்தா. விழுந்துராம செவத்தையும் பிடிச்சுக்கிட்டேன். நீ குத்திட்டுச் சொல்லு."

குத்தினேன்.

"குத்திட்டேண்ணே."

"நெசமாவா? வலிச்சுச்சா?"

"இல்லண்ணே."

பொய்யில்லை, வலிக்கவில்லை. என் பங்குப் பயத்தையும் சேர்த்து அந்த மனுஷரே பட்டுக்கொண்டிருந்தார். எனக்கென்று மிச்சம் எதுவும் வைக்கவில்லை.