குடை தரும் கணக்கு

பெலெம், மார்ச் 3, செவ்வாய்

பெருமதிப்பிற்குரிய அண்ணன் எலியேசருக்குத் தங்கை சுலெய்டி வணக்கத்துடன் எழுதுவது. கோயானியாவில் நீயும் அண்ணியும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அப்பாவின் வலது முழங்காலைத் தவிர மற்ற எல்லாம் சுகம். இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. அழைத்தால் நீ எடுப்பதில்லை. குரல் செய்தி அனுப்பினால் இரட்டை வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறாய். தாளில் எழுதிப் படமெடுத்து அனுப்பினால் அப்படி ஓட்ட முடியாது அல்லவா?

இன்று காலை எழுந்ததும் நான் முதலில் செய்தது அப்பாவின் பல்செட்டைத் தேடியது. அது மரவள்ளி மாவு டப்பாவுக்குப் பின்னால் இருந்தது. எப்படி அங்கே போனது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. படகுத்துறைக்கு எதிரே இருந்த அப்பாவின் வங்கிக் கிளையை மூடிவிட்டார்கள். வேறு வங்கியில் கணக்குத் திறக்க வேண்டும், அதற்கு முகத்தைப் படமெடுப்பார்கள், முகத்துக்குப் பல் வேண்டும். இப்படியாக ஒன்பது மணிக்கு நாங்கள் இருவரும் புது வங்கியில் தைனாரா என்ற பெண்ணின் எதிரே உட்கார்ந்தோம். அவள் கைப்பேசியை நீட்டி, "கொஞ்சம் சிரிங்க ஐயா" என்றாள்.

"யாரைப் பாத்து?"

"வங்கியப் பாத்துதான் ஐயா."

"மொதல்ல கடன் குடுக்கச் சொல்லு, அப்புறம் சிரிக்கிறேன்."

நான்காவது தடவைதான் கைப்பேசி அவரை மனிதர் என்று ஒப்புக்கொண்டது. அதற்குப் பிறகுதான் வம்பு ஆரம்பித்தது. இரண்டு வகைக் கணக்கு இருக்கிறதாம். ஒன்றில் வந்த பணம் மட்டும் தெரியும். அதைத் திறந்தால் குடை இலவசம். இன்னொன்றில் 'வரவிருப்பவை' என்று ஒரு பக்கம். யாராவது நமக்குப் பணம் அனுப்ப முன்பே தேதி குறித்து வைத்திருந்தால், அனுப்புகிறவர் பெயரும் வரப்போகும் நாளும் முன்கூட்டியே அதில் தெரியும். தைனாரா சொல்லி முடிப்பதற்குள் அப்பா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். முப்பத்தோரு வருடம் துறைமுகத்தில் படகு வருகைப் பலகையைச் சாக்பீஸால் எழுதியவர் ஆயிற்றே.

"இது நம்ம பலகைடி! எந்தப் படகு, எங்கேருந்து, என்னைக்கு. அதேதான்!"

நான் குடைக்காக வாதாடினேன். அண்ணா, பிறருடைய ஆய்வேடுகளில் பிழை திருத்தி வயிறு வளர்க்கிற, கல்லூரிப் பட்டம் பெற்ற நாற்பத்தாறு வயதுப் பெண், ஒரு கறுப்புக் குடையின் மகிமையைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினேன். கம்பி எத்தனை என்றுகூடக் கேட்டேன். அப்பா மசியவில்லை.

"குடை எதுக்கு? மழை ரெண்டு மணிக்கு வரும்னு ஊருக்கே தெரியும். உன் அண்ணன் பணம் எப்ப வரும்னுதான் தெரியல."

குடைக்காக நான் ஏன் அப்படிப் பேசினேன் என்று உனக்குத் தெரியும். ஒவ்வொரு மாதமும், உன் பணம் கணக்கில் விழ வேண்டிய ஐந்தாம் வேலைநாளன்று காலையில், காபி ஆறும்வரை காத்திருந்து, அப்பா ஒரே ஒரு வார்த்தை கேட்பார்: "விழுந்துச்சா?" கணக்கைப் பார்ப்பது நான்தான். நவம்பரிலிருந்து எதுவும் விழவில்லை. "விழுந்துச்சுப்பா" என்று சொல்லி, என் பணத்திலிருந்து அறுநூறு ரெயாலை எண்ணி அவர் கையில் வைக்கிறேன். அவர் அதைச் செலவுகூடச் செய்வதில்லை. "எலியேசர் மறக்கல பாத்தியா" என்று சொல்லிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். அந்த நாள் முழுக்க முழங்கால் வலி இருக்காது. உனக்கு வேலை போய்விட்டதா, கோபமா, வெட்கமா என்று எனக்குத் தெரியாது. நான் விசாரிக்கவும் இல்லை. விசாரித்தால் பதில் வந்துவிடுமே என்ற பயம்தான்.

நாளை வருகிறோம் என்று தைனாராவிடம் சொல்லி அவரை வெளியே இழுத்து வந்தேன். மழைக்கு இன்னும் நேரம் இருந்ததால் மூலைக்கடையில் இறாலும் கீரையும் போட்ட சூடான தக்கக்கா சூப் குடித்தோம். சுரைக்குடுவையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்பா சொன்னார்: "வராத படகுக்கும் நேரம் எழுதிப் போட்டிருக்கேன், தெரியுமா? இல்லன்னா பெஞ்சுல காத்துக்கெடக்குற பொம்பளைங்க மொகத்தப் பாக்க முடியாது." பிறகு ஒரு இறாலை மென்று விழுங்கிவிட்டு, என்னைப் பார்க்காமலே சொன்னார்: "உன் கையெழுத்தும் நல்லாத்தான் இருக்கு."

தக்கக்காவில் போடும் ஜம்புக் கீரை நாக்கை மரத்துப்போகச் செய்யும். என் குடுவையில் இருந்த கீரை முழுவதையும் அள்ளி வாயில் போட்டுக்கொண்டேன்.

ஆகவே அண்ணா, நீ வீணாகக் கவலைப்படாதே. அப்பாவை எப்படியாவது சம்மதிக்க வைத்து நாளை குடைக் கணக்கையே திறந்துவிடுகிறேன். எல்லாம் முன்போலவே நடக்கும். உன் வீட்டில் எல்லோருக்கும் நசரேயின் அன்னை துணை இருக்கட்டும். அண்ணிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு முத்தங்கள்.

உன் தங்கை,
சுலெய்டி

பின்குறிப்பு: கையெழுத்துப் போட்டுவிட்டு மழை விடும்வரை சன்னலருகில் உட்கார்ந்திருந்தேன். குடைக் கணக்கைத் திறக்கப்போவதில்லை. பலகை உள்ள கணக்கைத்தான் திறக்கப்போகிறேன். அப்பாவிடம் சொல்லவில்லை, தைனாராவிடம் சொல்லவில்லை, இதைப் படிக்கும்வரை உனக்கும் தெரியாது. வரும் வெள்ளிதான் ஐந்தாம் வேலைநாள். கிளம்பும்போது தைனாராவைத் தனியே கேட்டேன்: ஒரு ரெயாலுக்குத் தேதி குறித்தாலும் அனுப்புகிறவர் பெயர் அதே பெரிய எழுத்தில்தான் வருமாம். வெள்ளிக்கிழமை உன் பெயர் அங்கே இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, இனி நான் சாக்பீஸைத் தொடமாட்டேன்.