ஓரகத்தியின் ஃபைலும் என் இடது கையும்

பொறாமையே இல்லாத ஓரகத்திகள் உலகத்தில் எங்காவது இருக்கலாம். ஆம்பூரில் நான் பார்த்ததில்லை. வெளியில் யாராவது கேட்டால் "நாங்க அக்கா தங்கச்சி மாதிரி" என்றுதான் சொல்வேன். (அக்கா தங்கச்சி என்றால் சண்டையே வராதா என்ன?) ஆனால் என் கொழுந்தன் மனைவி சுகன்யா எங்கள் வீட்டுக்குள் வலது காலை எடுத்து வைத்த நாளிலிருந்து என் வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது.

முதலில் ரசத்தில் ஆரம்பித்தது. நான் வைக்கிற ரசத்தை என் மாமியார் வருஷக்கணக்காக "பரவால்ல" என்று சொல்லித்தான் சாப்பிட்டார். சுகன்யா வைத்த முதல் ரசத்துக்கு இன்னொரு டம்ளர் கேட்டார். அதே புளி, அதே மிளகு, அதே அடுப்பு. அடுப்பைத் துடைத்து வைத்தவள்கூட நான்தான்.

அதோடு நின்றிருந்தால் தேவலை. நான் வேலை பார்க்கும் ஷூ கம்பெனியிலேயே அவளுக்கும் ஒரு வேலை வாங்கிக் கொடு என்று மாமியார் பிடித்துக்கொண்டார். "அமுதா, நீ சொன்னா அங்க கேப்பாங்க" என்றார். அந்த ஒரு வார்த்தையில் நான் விழுந்துவிட்டேன். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது எப்படி என்று யாருக்காவது தெரிய வேண்டுமென்றால் என்னிடம் வரலாம்.

தோல் ஷூவில் ஒரு சங்கடம் உண்டு. ஒரே பிரவுன் என்று சாயம் போட்டாலும் லாட்டுக்கு லாட் நிறம் கொஞ்சம் மாறும். இடது காலும் வலது காலும் ஒரே ஷேடில் வெட்டியாக வேண்டும். தவறினால், டப்பாவைத் திறக்கிற வெள்ளைக்காரருக்கு ஒரு கால் டீ, ஒரு கால் காபி. வெட்டிக் கட்டி வைத்த கட்டுகளில் எது எந்த ஷேடு என்று குறித்து வைப்பதுதான் பிளானிங்கில் எங்கள் வேலை. நான் அதை எக்செலில் கறுப்பு வெள்ளையாக எழுதிக் காலம் தள்ளிக்கொண்டிருந்தேன். சுகன்யா வந்தாள், ஷேடு நம்பரை அடித்தால் கட்டம் தானாகவே அந்தப் பழுப்பாக மாறுகிற மாதிரி ஒரு ஷீட் போட்டாள். ஜோடி தப்பானால் கட்டம் சிவந்துவிடும். மேனேஜர் இர்ஷாத் பாய் அதைப் பார்த்து "மாஷா அல்லா" என்றார். என் ஷீட்டைப் பார்த்து அவர் அதிகபட்சம் சொன்னது "ஓகேம்மா". கையோடு அவள் கம்ப்யூட்டருக்குப் புது யூபிஎஸ் ஒன்றும் வந்து இறங்கியது. என்னுடையதற்கு யூபிஎஸ் கிடையாது. கரண்ட் போனால் நானும் அதுவும் சேர்ந்து இருட்டில் உட்கார்ந்திருப்போம்.

அவள் அந்த நிறத்தை எப்படி வரவழைக்கிறாள் என்று கேட்டிருந்தால் இரண்டு நிமிஷத்தில் சொல்லிக் கொடுத்திருப்பாள். கேட்பேனா? அவள் டீ குடிக்கப் போகும்போது பொது ஃபோல்டரிலிருந்து அவள் ஃபைலை என் கம்ப்யூட்டருக்குக் காப்பி எடுத்துக்கொள்வேன். சாயங்காலம் எல்லாரும் கிளம்பிய பிறகு அதைத் திறந்து அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்ப்பேன். ஒன்றும் புரியாது. மறுநாள் புதிதாக ஒரு காப்பி. ஒரே பெயரில் வைத்தால் குழம்பிவிடும் என்பதால் அன்றன்றைக்கு மனதில் என்ன தோன்றுகிறதோ அதையே பெயராக வைத்தேன். 'மினுக்கி' என்று ஒரு ஃபைல். 'பெரிய இவ' என்று ஒன்று. 'வந்துட்டா மகாராணி' என்று ஒன்று. ரசம் நடந்த வாரத்தில் எடுத்த காப்பியின் பெயரை இங்கே எழுத முடியாது.

என் இடது கையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். யூபிஎஸ் இல்லாத கம்ப்யூட்டரில் வருஷக்கணக்காக வேலை பார்த்தவள் நான். ஒரு வரி அடித்தால் ஒரு சேவ், இன்னொரு வரிக்கு இன்னொரு சேவ் என்று பழகிப்போன கை. மூளையைக் கேட்காமலே கன்ட்ரோல் எஸ் அமுக்கும். தூக்கத்தில் என் கணவரின் தோளில்கூட அமுக்கியிருக்கிறேன். (அவர் ஒருநாளும் சேவ் ஆனதில்லை, அது வேறு விஷயம்.)

ஒரு சனிக்கிழமை காலை. திங்கட்கிழமை, எங்கள் ஷூவை வாங்குகிற பையரின் ஆள் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிறார். சோல் கணக்கை நான் தயார் பண்ண வேண்டும் என்று இர்ஷாத் பாய் சொல்லியிருந்தார். இதுதான் சமயம், என் கணக்கும் பளபளவென்று இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். சுகன்யா கட்டிங் பக்கம் போனதும் அவள் ஃபைலைக் காப்பி எடுத்து 'மினுக்கி கடைசி' என்று பெயர் வைத்தேன். பிறகு எக்செலில், கடைசியாகத் திறந்தவற்றின் பட்டியலில் முதலில் இருந்ததை அமுக்கினேன். திறந்தது. அவள் எண்களையெல்லாம் மொத்தமாகப் பிடித்து அழித்தேன். நிறங்கள் மட்டும் எனக்கு, எண்கள் வேண்டாம். அழித்ததும் இடது கை தன் கடமையைச் செய்தது. திருப்தியாக மூடினேன். மறுபடி திறந்தபோதுதான் மேலே பெயரைப் பார்த்தேன்.

பெயரில் திட்டு எதுவும் இல்லை. மரியாதையான பெயராக இருந்தது.

அழித்தது பொது ஃபோல்டரில் இருந்த அவளுடைய அசல் ஃபைலை. காலையில் அதை ஒருமுறை திறந்து பார்த்திருந்தேன், அதனால் பட்டியலில் அதுதான் முதலில் இருந்தது. கன்ட்ரோல் இசட் அமுக்கினேன். மூடித் திறந்த ஃபைலுக்கு அதெல்லாம் ஞாபகம் இல்லை. ரீசைக்கிள் பின்னில் போய்த் தேடினேன், அங்கே போன தீபாவளிக்கு யாருக்கு எந்த ஸ்வீட் பாக்ஸ் என்ற பட்டியல்தான் கிடந்தது. அப்புறம் உயிர் வந்தது: 'மினுக்கி கடைசி' அப்படியே இருக்கிறதே, அதை எடுத்து அசல் பெயர் வைத்துப் பழைய இடத்தில் போட்டுவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? மவுசைப் பிடித்தேன். கரண்ட் போய்விட்டது.

கரண்ட் திரும்பி வருவதற்குள் சுகன்யா திரும்பி வந்துவிட்டாள். அவளுக்குத்தான் யூபிஎஸ் இருக்கிறதே. ஃபைலைத் திறந்தவள் வெறும் கட்டங்களை மேலும் கீழும் உருட்டிப் பார்த்துவிட்டு இர்ஷாத் பாயைக் கூப்பிட ஓடினாள். கரண்ட் வந்தது, கூடவே இர்ஷாத் பாய் வந்தார், சிஸ்டம் பார்க்கிற தாமஸும் வந்தார். தாமஸ் நிதானமான மனிதர். வந்ததும் முதல் வேலையாக எல்லாரையும் பார்த்து, "யாரும் எந்த சிஸ்டத்தையும் தொடாதீங்க. புதுசா எதனா சேவ் பண்ணா, போனது திரும்பி வராது" என்றார்.

நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். முக்கியமாக இடது கையை.

தாமஸ் பழைய வெர்ஷன் இருக்கிறதா என்று பார்த்தார், இல்லை. டெம்ப் ஃபைல்களைக் கிளறினார், இல்லை. அழிந்ததை மீட்கிற சாஃப்ட்வேர் ஒன்றைப் போட்டார். அது வெகுநேரம் ஓடி, யாரோ ஒருவர் வீட்டுக் காதுகுத்து ஃபோட்டோக்களை மீட்டுக் கொடுத்தது. வெளியே தளத்தில் கட்டுகள் மலையாகக் குவிந்து கிடந்தன. எது டீ, எது காபி என்று சொல்ல ஆள் இல்லை.

இர்ஷாத் பாய் கத்துகிற ஆளில்லை. மெதுவாகத்தான் சொன்னார். "இன்னாம்மா சுகன்யா, அடுத்த வாரம் உன்னைப் பர்மனென்ட் பண்ணச் சொல்லி ஆபீசுக்கு எழுதணும்னு இருந்தேன். இப்ப நான் இன்னான்னு எழுதறது?"

பொய் சொல்வானேன், ஒரு நொடி எனக்கு உள்ளே ஜில்லென்றுதான் இருந்தது. மறுநொடி அவள் என் பக்கம் திரும்பினாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டிருந்தது.

"அக்கா, நான் சேவ் பண்ணிட்டுத்தான் போனேன்னு நீங்க சொல்லுங்கக்கா. நீங்க இங்கதானே இருந்தீங்க?"

திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி என்பார்களே, அதை நான் அனுபவித்தது அன்றைக்குத்தான். "கரண்ட் போச்சு இல்ல, அதுல எதனா ஆயிருக்கும்" என்று முனகினேன். அவள் கம்ப்யூட்டருக்கு யூபிஎஸ் இருப்பது அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும். என்னைவிட நன்றாக யாருக்கும் தெரியாது.

தாமஸ் ஒரு கட்டு நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டார். எங்கேயாவது காப்பி இருந்தால் இந்த நம்பரை வைத்துப் பிடித்துவிடலாம், ஒவ்வொரு கம்ப்யூட்டராகப் பார்க்கிறேன் என்றார். இர்ஷாத் பாய் எல்லாரும் பார்க்கட்டும் என்று சுவரில் இருந்த பெரிய டிவியில் போடச் சொன்னார். எனக்குத் தலை சுற்றுகிறது, வீட்டுக்குப் போகிறேன் என்று பையை எடுத்தேன். சுகன்யா என்னைப் பிடித்து உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள்.

அவள் கம்ப்யூட்டரில் ஒன்றும் இல்லை. ஸ்டோரில் ஒன்றும் இல்லை. என் கம்ப்யூட்டரில் சுவர் நிறைந்தது.

தாமஸ் வேலூர்க்காரர், தமிழ் நன்றாகப் படிப்பார். அதுதான் பிரச்சினை. ஒவ்வொன்றாக, பெயரை விடாமல் படித்தார். படித்து முடித்ததும் என் பக்கம் திரும்பி, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல், "மேடம், 'வந்துட்டா மகாராணி' ஓப்பன் பண்ணட்டா, 'மினுக்கி கடைசி'யா?" என்று கேட்டார்.

"கடைசி" என்றேன்.

திறந்தது. அத்தனை பழுப்பும், அத்தனை எண்ணும், ஒன்று குறையாமல் சுவரில் வந்து நின்றன. கட்டிங் சூப்பர்வைசர் கை தட்டியே விட்டார். யார் அழித்தது என்று அதற்குமேல் ஒருவரும் கேட்கவில்லை. கேட்க என்ன பாக்கி இருந்தது? நான் தரையில் இருந்த ஒரு தோல் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது டீ.

சுகன்யா கண்ணைத் துடைத்துக்கொண்டு பட்டியலை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தாள். எனக்கு அவள் ஒரு அறை விட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"பேருக்குப் பக்கத்துல தேதியும் போட்டு வெச்சிருக்கலாம்க்கா. தேடறதுக்கு ஈஸியா இருந்திருக்கும்" என்றாள்.

அறை முழுக்கச் சிரித்தது. இர்ஷாத் பாய்கூடத் திரும்பி நின்று தோளைக் குலுக்கினார். அந்த நேரத்திலும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? இப்படி ஒரு பதில் எனக்கு ஜென்மத்துக்கும் வராதே, இவளுக்கு மட்டும் எங்கிருந்து வருகிறது என்று அதற்கும் ஒரு பொறாமை.

அவளுக்கு வேலை பர்மனென்ட் ஆனது. நிறம் வரவழைக்கிற வித்தையை அந்த வாரமே எனக்குச் சொல்லிக் கொடுத்தாள், இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. மாமியாருக்கு விஷயம் எப்படிப் போனதோ தெரியாது. எக்செல் என்றால் என்னவென்றே அறியாத அந்த அம்மாள், வீட்டுக்கு யார் வந்தாலும் காபி கொடுத்த கையோடு, "எங்க பெரிய மருமக வயித்தெரிச்சல்லதான் சின்னவ வேலையே பொழச்சுது" என்று ஆரம்பித்துவிடுவார்.

கம்பெனியிலும் ஒரு மாற்றம் வந்தது. இனிமேல் சாயங்காலம் எல்லா ஃபைலுக்கும் இன்னொரு கம்ப்யூட்டரில் காப்பி எடுத்து வைக்க வேண்டும் என்று இர்ஷாத் பாய் உத்தரவு போட்டார். அதற்கு பேக்கப் என்று ஒரு நல்ல பெயர் உலகம் பூராவும் இருக்கிறது. எங்கள் பாய் தினமும் ஐந்து மணிக்குக் கதவருகே வந்து நின்று, சிரிக்காமல், "மினுக்கி எடுத்தாச்சா?" என்றுதான் கேட்கிறார். இப்போது பேரணாம்பட்டு யூனிட்டிலும் அப்படித்தான் கேட்கிறார்களாம்.

கண்டுபிடித்தவள் நான். தினம் தினம் யாருக்கும் தெரியாமல் எடுத்துக் காப்பாற்றியவளும் நான். பெயர் மட்டும் பாருங்கள், அதிலும் அவளுடையதுதான்.